சாம்பல் கல்லை உதைத்துப் பார்!

"கம்ப்யூட்டர் கேம் ஆடுறவன் உருப்பட மாட்டான்" என்ற வசனத்தைக் கேட்காத மாணவன் நம் கல்லூரியில் உண்டா? என் கருத்து வேறு. பாலிடெக்னிக் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன். அதன் பெயர் நெட்ஹேக்.

1987-ல் வந்த இலவச விளையாட்டு இது. 1980-ல் வந்த 'ரோக்' இதற்குத் தாத்தா. எழுத்துகளே பாதாளக் குகை, எழுத்துகளே அரக்கர்கள். லேபில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். குகையில் மருந்துப் புட்டி, சுருள், மோதிரம் எல்லாம் கிடைக்கும். ஆனால் எது எதற்கு என்று தெரியாது. நேற்றைய ஆட்டத்தில் காயத்தை ஆற்றிய இளஞ்சிவப்பு மருந்து, இன்றைய ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கலாம். ஒவ்வொரு புது ஆட்டத்திலும் அடையாளங்கள் மாறிவிடும். மனப்பாடம் இங்கே செல்லாது நண்பர்களே!

அப்படியென்றால் என்ன வழி? சோதனைதான். கடைக்காரரிடம் விலை கேட்டால் பொருளின் வகையை ஊகிக்கலாம். பலிபீடத்தில் வைத்தால், சாபம் உள்ள பொருள் கருப்பாக மின்னும். சாம்பல் நிறக் கல் கிடந்தால் குனிந்து எடுக்கக் கூடாது. முதலில் உதைத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் சரி. 'தொம்' என்று அசையாமல் கிடந்தால் அது பாரக்கல். பெரும்பாலும் சாபம் பிடித்திருக்கும். எடுத்துவிட்டால் கீழே போடவே முடியாது! 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே? வண்ணக்கோடு அழிந்த ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்வதும் இதே பாடம்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கம்பெனி வாசல்களில் நமக்கு நீட்டப்படும் காகிதங்களில் அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று பல பெயர்கள். பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதற்கு முறையான ஒப்பந்தம் வேண்டும், உதவித்தொகையும் உண்டு. கான்ட்ராக்ட் என்றால் சம்பளம் தருவது கம்பெனியா, இடையில் இருப்பவரா? 'டிரெய்னி' என்றால் எத்தனை மாதம், அதற்குப் பிறகு என்ன? உதைத்துப் பார்க்க வேண்டிய கற்கள் இவை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தார். பாரக்கல்!

என் வீட்டில் இந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. "படிச்சவன் நீதானப்பா, நீயே பாத்துக்கோ" என்கிறார் அப்பா. நம்மில் பலர் வீட்டிலும் இதே நிலைதான். பழைய அனுபவமும் முழுதாக உதவாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அந்தக் காலத்து அண்ணன்மார் சொல்லும் கணக்கு இன்று அப்படியே பொருந்துமா? ஆட்டம் புதுசு, அடையாளமும் புதுசு.

"அனுபவம்தான் ஆசான், பட்டால் தெரியும்" என்பார்கள் சிலர். விளையாட்டில் செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். நமக்குப் பதினெட்டு வயது ஒரு தடவைதான்!

நெட்ஹேக்கில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு சுருள் இன்னதென்று தெரிந்துவிட்டால், அந்த ஆட்டத்தில் அதே வகைச் சுருள் அத்தனையும் தெரிந்துவிடும். நாமும் அப்படிச் செய்தால் என்ன? மாணவர் பேரவை நூலகத்தில் ஒரு நோட்டு வைக்கட்டும். வேலைக்குப் போன சீனியர்கள், எந்தக் காகிதத்தில் எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஆண்டோடு எழுதட்டும். ஒருவர் உதைத்துப் பார்த்த கல்லை நூறு பேர் தெரிந்துகொள்ளலாம். நோட்டின் விலை நாற்பது ரூபாய். பேரவைத் தோழர்களே, வாங்குவீர்களா?