5 மீன்களின் வம்சம்!

கோடையில் கண்மாய் வற்றினால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் கொண்டாட்டம்தான். பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் பக்கங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே சேற்றில் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டையோடு ஜிலேபி மீனும் அகப்படும்.

இந்த ஜிலேபி நம் நாட்டு மீன் அல்ல. "திலேப்பியா" என்ற பெயரே மக்கள் வாயில் "ஜிலேபி" ஆயிற்று. அதன் தாயகம் ஆப்பிரிக்கா.

ஜாவாவில் கிடைத்தது

1939-ல் ஜாவாத் தீவில் இந்த மீன்கள் சில அகப்பட்டன. அவை 5 மட்டுமே என்று சொல்லப்படுகிறது. ஆசியக் குளங்களில் பரவிய ஜிலேபிகள் பெரும்பாலும் அந்தச் சிறு கூட்டத்தின் வம்சமே! 1952-ல் அது இந்தியாவுக்கும் வந்தது. ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

நடந்தது வேறு. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். குஞ்சுகள் பிழைத்துப் பெருகின. இரண்டு, மூன்று மாதக் குஞ்சே தாயாகிவிடும். கூட்டம் பெருகியது, இரை போதவில்லை, மீன் சிறுத்தது. மற்ற மீன்களின் இரைக்கும் போட்டி வந்தது. 1959-ல் இதைப் பரப்பக் கூடாது என்று தடுத்தார்கள். அதற்குள் மீன் குளங்களில் பரவிவிட்டது.

கிடாய் மாற்றுவது ஏன்?

இன்னொரு குறையும் உண்டு. ஆடு வளர்ப்பவர் ஒரே கிடாயை வைத்து மந்தையைப் பெருக்குவதில்லை. வெளியூர்க் கிடாயை மாற்றுவார். மீனுக்கும் அதே கணக்குதான். ஒன்று வெயிலைத் தாங்கும். ஒன்று நோயைத் தாங்கும். ஒன்று வேகமாக வளரும். பெற்றோர் பலவாக இருந்தால்தான் இத்தனை குணங்களும் வம்சத்தில் இருக்கும். பெற்றோர் சிலவே என்றால், புது நோய் வரும்போது தாங்கி நிற்க ஆள் இராது.

இதை உணர்ந்த விஞ்ஞானிகள் 1988-ல் பிலிப்பைன்ஸில் ஒரு வேலை தொடங்கினார்கள். ஜிலேபியின் உறவான நைல் திலேப்பியாவை எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆசியப் பண்ணை மீன்களுடன் கலந்து, நன்றாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள். அதுதான் இன்று தமிழ்நாட்டுப் பண்ணைக் குட்டைகளில் வளரும் "கிப்ட் திலேப்பியா".

நாம் செய்ய வேண்டியது

கிப்ட் மீனும் வெளிநாட்டு மீன்தான். அது குட்டையை விட்டுக் கண்மாய்க்குப் போகாமல் காக்க வேண்டும். கட்லா, ரோகுவும் கங்கைப் பக்கத்திலிருந்து நம் கண்மாய்களுக்கு வந்தவையே. அவற்றின் குஞ்சு வாங்கும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது. "தாய் மீன்கள் எத்தனை? எப்போது மாற்றினீர்கள்?" என்றும் கேளுங்கள். விதைநெல்லைப் பார்த்து வாங்குகிறோமே, மீன் குஞ்சும் விதைதான்!