கொடைக்கானலில் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை: எங்கள் நிலைப்பாடு

கொடைக்கானலில் சேரும் பிளாஸ்டிக்கை மலையிலேயே மறுசுழற்சி செய்ய ஓர் ஆலை வேண்டும் என்ற கோரிக்கையின் பின்னுள்ள அக்கறை எங்களுக்கும் உண்டு. ஆனால் இன்றைய நிலையில் அந்த ஆலையை எங்கள் அமைப்பு ஆதரிக்கவில்லை. ஆலையில் போடுவதற்கு ஒரே வகையான, சுத்தமான சரக்கு இங்கே போதிய அளவு கிடைக்காது என்பதே முதன்மைக் காரணம்.

ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். பாட்டில் பெட் (PET) பிளாஸ்டிக், மூடி பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், லேபிள் சிலவற்றில் பிவிசி. அரைத்துத் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் மூழ்கும், பிவிசியும் அதோடு சேர்ந்து மூழ்கும். பெட் உருகச் சுமார் 250 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கு முன்பே பிவிசி சிதைந்து, அமிலத்தைக் கக்கி, சரக்கின் தரத்தைக் கெடுத்துவிடும். இத்தனைக்கும் பாட்டில்தான் இருப்பதிலேயே சுலபமான சரக்கு. அதற்கு விலை உண்டு என்பதால் குப்பை பொறுக்குபவர்களும் காயலான் கடைக்காரர்களும் முன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுவது சிப்ஸ் உறையும் சாப்பாடு ஒட்டிய கவரும். சிப்ஸ் உறையில் படலங்களுக்கு நடுவே அலுமினியப் பூச்சு இருக்கிறது. அதைப் பிரித்து லாபம் பார்ப்பது சிறிய ஆலைக்கு ஆகாத காரியம். ஆகவே ஆலை ஓட வேண்டுமென்றால் பொறுக்கிப் பிழைப்பவர்களின் சரக்கைத்தான் பறிக்க வேண்டியிருக்கும். கழுவுவதற்கான தண்ணீருக்கு எங்கே போவது, கழுவிய அழுக்குநீரை எந்த ஓடையில் விடுவது என்ற கேள்விகளும் நிற்கின்றன.

2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை சுமார் 36,500தான். சீசனில் பெருகும் குப்பையை நம்பி ஆலை கட்டினால் மற்ற மாதங்களில் அது படுத்துவிடும். மேலும், 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத் தடை இருக்கிறது. இங்கே 5 லிட்டருக்குக் குறைவான பெட் பாட்டில்களுக்கும் தடை. கடன் வாங்கிக் கட்டிய ஆலைக்கோ குப்பை குறையவே கூடாது.

ஆலைக்குப் பதிலாக, பிளாஸ்டிக்கை இங்கே ஒரு கூடத்தில் கையால் வகை பிரித்து, மலைக்குக் கீழே உள்ள ஆலைகளுக்கு அனுப்பலாம் என்கிறோம். கீழே கொண்டுபோகும் லாரி வாடகை கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரிக்காமல் அனுப்பினால் கட்டுப்படியாகாது; பாட்டிலில் பெரும்பகுதி வெறும் காற்று. வகை பிரித்து, அழுத்திக் கட்டினால் அதே லாரியில் பல மடங்கு ஏறும். விலைபோகாத உறைகளைச் சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தான் அனுப்ப வேண்டும். அது எரிப்புதான், மறுசுழற்சி என்று சொல்ல மாட்டோம். ஆனால் திறந்தவெளியில் புகைவதைவிட மேல். அந்தச் செலவை, உற்பத்தியாளர் பொறுப்பு குறித்த 2022 விதிமுறைகளின்படி, உறை விற்ற நிறுவனங்களிடமிருந்தே நகராட்சி கேட்டுப் பெற வேண்டும். ஆலை வராவிட்டால் வேலைவாய்ப்பு போய்விடும் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. கையால் பிரிக்கும் கூடத்துக்கு எந்திரத்தைவிட ஆட்களே அதிகம் தேவை. இன்று பொறுக்குபவர்களுக்கே அந்த வேலை முதலில் தரப்பட வேண்டும்.

ஓராண்டு முழுக்க, சீசனிலும் மழைக்காலத்திலும், வார்டுவாரியாகக் குப்பையை வகை பிரித்து எடைபோட்டு, அந்தக் கணக்கை நகராட்சி வெளியிட வேண்டும். ஆலையை ஆண்டு முழுவதும் ஓட்டும் அளவுக்கு ஒரே வகைச் சரக்கு வருகிறது என்று அது காட்டினால் எங்கள் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வோம். அதுவரை ஆலைக்கான திட்ட அறிக்கைக்குப் பணம் ஒதுக்குவதை எதிர்ப்போம்.