கெயின் திருகும் வெட்டுப்படும் அலைகளும்

கார்களில் பொருத்தப்படும் ஆம்ப்ளிஃபயர் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு இருக்கும். அருகில் 'கெயின்' என்றோ 'லெவல்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். சுற்றிலும் 6 வோல்ட்டில் தொடங்கி 0.2 வோல்ட்டில் முடிவதுபோலச் சில எண்கள். இத்திருகைப் பற்றி நம்மூர்க் கடைகள் பலவற்றில் நிலவும் நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான்: வலப்பக்கம் முழுதும் திருப்பினால் 'பவர்' முழுதும் வரும். இந்நம்பிக்கை பிழையானது. அதன் விலையை ஸ்பீக்கர்கள் கொடுக்கின்றன என்பது ஓரளவு அறிந்த செய்தி. பாடல்களும் கொடுக்கின்றன என்பதே எங்கள் முறையீடு.

ராகத்தைப் பற்றியும் மெட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பாடகரின் தொண்டையிலிருந்து நம் செவி வரையிலான நெடும்பாதையில் கடைசி முழத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நம்மில் பலருக்கு இன்று நிம்மதியாகப் பாட்டுக் கேட்கக் கிடைக்கும் இடம் கார் ஒன்றே. ஆகவே இந்த விஷயம் கடைக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று.

கெயின் என்பது ஒலியைக் கூட்டும் திருகு அன்று. இரண்டு கருவிகளை ஒன்றோடொன்று பொருத்தும் திருகு. முகப்பில் உள்ள ஸ்டீரியோ அனுப்பும் சமிக்ஞை ஒன்றில் 2 வோல்ட்டாக இருக்கும், வேறொன்றில் 4 வோல்ட்டாக இருக்கும். எத்தனை வோல்ட் வந்து சேரும்போது ஆம்ப்ளிஃபயர் தன் முழுத்திறனை எட்ட வேண்டும் என்பதை மட்டுமே இத்திருகு தீர்மானிக்கிறது. அம்முழுத்திறன் எவ்வளவு என்பது உள்ளே இருக்கும் மின்வழங்கியாலும் சுற்றாலும் முன்னரே முடிவானது. திருகைத் திருப்பி அதில் ஒரு வாட்டைக்கூடக் கூட்ட முடியாது. 4 வோல்ட் தரும் ஸ்டீரியோவோடு இணைத்துவிட்டுத் திருகை 0.2இல் நிறுத்தினால் என்ன ஆகும்? தேவைக்கு இருபது மடங்கு உணர்ச்சியோடு ஆம்ப்ளிஃபயர் காத்திருக்கிறது. ஒலியளவைச் சற்றே உயர்த்தியதும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் வருவதெல்லாம் சிதைவு.

அந்த எல்லையில் நிகழ்வதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். உயரமான மனிதன் தாழ்ந்த கூரையின் கீழ் நிமிர முயல்வதை நினைத்துக்கொள்ளலாம். ஒலியலையின் முகடு மேலெழ வேண்டிய இடத்தில் மின்வழங்கியின் உச்சவரம்பு தடுக்கிறது; முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வளைந்த அலை மெல்ல மெல்லச் சதுர அலையை நெருங்குகிறது. உச்சம் ஒன்றாகவே இருந்தாலும், முழுச் சதுர அலை சுமக்கும் ஆற்றல் சீரான சைன் அலையினுடையதைப் போல இரு மடங்கு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வாங்கிக்கொள்கிறது. சுருளின் மேற்பூச்சு கருகும். பிறகு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், அல்லது அறுந்துபோகும். கருகிய நாற்றம் காருக்குள் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

பெரும்பாலும் முதலில் மாள்வது ட்வீட்டர். இசையின் ஆற்றலில் பெரும்பங்கு கீழ் அதிர்வெண்களில் இருப்பதால், ட்வீட்டருக்கு இயல்பாக வந்து சேர்வது சில வாட்டுகளே. அலை வெட்டுப்படும்போது மூலப் பாடலில் இல்லாத மேல் அதிர்வெண்கள் புதிதாகப் பிறந்து அதன் தலையில் விழுகின்றன. அதோடு, தாழ்ந்த ஒலிகள் கூரையில் முட்டி நின்றுவிட, இன்னும் இடமிருக்கிற மேல் ஒலிகள் மட்டும் உயர்ந்துகொண்டே போகின்றன. பங்கீடு குலைகிறது.

இங்கே இரண்டு பழங்கதைகளை ஒதுக்கிவிட வேண்டும். கிளிப்பிங்கால் ஸ்பீக்கருக்குள் நேர்மின்சாரம் பாய்கிறது என்பது ஒன்று. வெட்டுப்பட்ட அலையும் மேலும் கீழும் மாறிக்கொண்டிருக்கும் அலையே. சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை எரித்துவிடும் என்பது மற்றொன்று. சிறுமை எதையும் எரிப்பதில்லை. போதாத திறனை முறுக்கி முறுக்கி நெடுநேரம் வெட்டுப்பட ஓட்டினால், சேரும் வெப்பமே எரிக்கிறது. தவிலின் ஒரு வீச்சில் ஒரு கணம் முகடு தட்டையாவதால் எந்தச் சுருளும் கருகாது.

எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் மதுரையில் கல்லூரி ஆசிரியர், நாகஸ்வரப் பித்தர். காரில் நல்ல ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்திக்கொண்டார். நான்காம் மாதம் இடப்பக்க ட்வீட்டர் ஓய்ந்தது, ஆறாம் மாதம் வலப்பக்கம். கடையில் கேட்டதற்கு, ஸ்பீக்கரின் வாட் போதவில்லை, பெரியதாக மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினார். திருகை மட்டும் எவரும் தொடவில்லை; அது வலக்கோடியிலேயே இருந்தது. பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தபோது, முழு அளவுச் சோதனை ஒலிக்கு ஸ்டீரியோவில் ஒலியளவு 40க்கு 11 என்று இருக்கையிலேயே ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டிருந்தது. அவர் வழக்கமாகக் கேட்பது 20இல். அத்தனை மாதங்களும் அவர் கேட்டது தவிலே அன்று. வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் வெடிப்பும் தொப்பியில் கழி எழுப்பும் முழக்கமும் தனித்தனியே நிற்பது அவற்றின் முகடுகளால்தான். முகடுகளை அறுத்துவிட்டால் எஞ்சுவது தகரச் சத்தம்.

இதை நண்பர் ஏன் உடனே உணரவில்லை என்பது யோசிக்கத்தக்கது. நாம் திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு அடியில் வளர்ந்தவர்கள். பனைமரத்திலும் கோயில் மதிலிலும் கட்டிய குழாய்கள், கரகரப்போடு சேர்த்தே நமக்குப் பாட்டைக் கற்பித்தன. கரகரப்பு வந்தால்தான் 'சத்தமாக' இருக்கிறது என்று செவி பழகிவிட்டது. சிதைவில்லாத உரத்த ஒலி தன்னை அவ்வளவாக விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. கடையில் நின்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அது குறைவாகவே தோன்றும். கடைக்காரரும் அதை அறிவார். திருகை முறுக்கி அனுப்பினால் வாடிக்கையாளர் சிரித்த முகத்தோடு போகிறார். பெட்டிகளின்மேல் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ' வாட் அச்சிட்டு விற்ற காலத்தின் மிச்சம் இது என்றே நினைக்கிறோம். கார் ஆம்ப்ளிஃபயர்களின் திறனை அளக்க 2003இல் அமெரிக்காவில் சிஇஏ-2006 என்ற நெறி வந்தது. 14.4 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் சுமையில், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்தைத் தாண்டாமல் எத்தனை வாட் என்பதே அதன் கேள்வி. அந்நெறிப்படி எண் தந்திருக்கும் கருவியையே வாங்குவது நல்லது. கீழே வரும் கணக்குக்கும் அந்த எண்தான் வேண்டும்.

கணக்கு எளிது. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வோல்ட் கிடைக்கும். ஒரு சேனலுக்கு 75 வாட், ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், 300இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 17.3 வோல்ட். 2 ஓமில் 300 வாட் தரும் சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயருக்கு 24.5 வோல்ட். இனி ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, திருகை இடக்கோடிக்குக் கொண்டுவந்து, பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ், ஈக்வலைசர் அனைத்தையும் அணைத்து, ஃபில்டர்களையும் விலக்கிவிட வேண்டும். எஞ்சினை ஓடவிட வேண்டும். ஓடாத காரில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில்தான் இருக்கும், ஓடும்போது 14ஐ ஒட்டி நிற்கும். ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இயக்கி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கண்ட எண் வரும்வரை திருகை மெல்லத் திருப்ப வேண்டும். அவ்வளவே. 1000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து அளக்கச் சொல்பவர்கள் உண்டு. மலிவான மீட்டர்கள் பல அந்த அதிர்வெண்ணில் சரியாகக் காட்டுவதில்லை. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கப் பிறந்தவை அவை. அலை வெட்டுப்படுவதைக் கண்ணால் காட்டுவது ஆசிலோஸ்கோப் மட்டுமே. ஸ்டீரியோ தானே எந்த அளவில் சிதையத் தொடங்குகிறது என்பதையும் அதில்தான் ஐயமறக் காணலாம். கையில் ஆசிலோஸ்கோப் இருப்பவர் வர்க்கமூலத்தை மறந்துவிடலாம்.

பழைய பாடல்களைக் கேட்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, அது உண்மையான சிக்கல். முழு அளவுச் சோதனை ஒலியை, அதாவது 0 டெசிபெல் ஒலியை வைத்துத் திருகைப் பொருத்தினால், தாழ்ந்த அளவில் பதிவான பழைய திரைப்பாடல்களும் கச்சேரிகளும் மிக மெலிதாகக் கேட்கும். உடனே கை திருகைத் தேடும். அதற்குப் பதிலாக −10 டெசிபெல் ஒலியை வைத்துப் பொருத்துவது வழக்கத்தில் உள்ள முறை. கதவு ஸ்பீக்கர்களுக்கு அதுவே தகும் என்பது எங்கள் துணிபு. ஆனால் இன்றைய பாடல் ஒன்று வந்தால் ஒலியளவைக் குறைத்தே ஆக வேண்டும். அந்த ஒழுக்கம் இல்லாதவர்கள் 0 டெசிபெல்லோடு நின்றுகொள்வது நலம். சப்வூஃபருக்கு இந்தச் சலுகையே வேண்டாம். 45 ஹெர்ட்ஸ் அருகே 6 டெசிபெல் பேஸ் பூஸ்ட் வைத்தாலே அந்த இடத்தில் கேட்கப்படும் திறன் நான்கு மடங்கு, 12 டெசிபெல் என்றால் பதினாறு மடங்கு. 300 வாட் கருவியிடம் அதை எதிர்பார்ப்பது கொடுமை.

சில இசைத்தட்டுகள் பிறவியிலேயே வெட்டுப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008இல் வெளிவந்த மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு வீடியோ விளையாட்டுக்காகத் தரப்பட்ட அதே பாடல்கள் வட்டில் இருப்பதைவிடத் தெளிவாக ஒலிக்கின்றன என்று ரசிகர்களே கண்டுபிடித்து முறையிட்டார்கள். அத்தகைய பதிவுக்குக் கெயின் திருகு ஒன்றும் செய்ய இயலாது.

கடைகளிடம் நாம் கேட்க வேண்டியது பெரிதன்று. ரூபாய் சில நூறுக்குக் கிடைக்கும் மீட்டர் ஒன்றை வாடிக்கையாளர் முன்னிலையில் வைத்து அளக்கட்டும். ரசீதின் பின்புறத்தில் மூன்று எண்களை எழுதித் தரட்டும்: இலக்கு வோல்ட், அளந்தபோது ஸ்டீரியோவில் இருந்த ஒலியளவு, பயன்படுத்திய சோதனை ஒலியின் டெசிபெல். இரண்டாம் எண்ணே நமக்கு மிகவும் பயன்படுவது. அதைத் தாண்டக் கூடாது என்று குழந்தைக்கும் சொல்லிவைக்கலாம். திருகின் தலையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி இட்டுக்கொள்வதும் உதவும். அடுத்த முறை வண்டி கடைக்குப் போய்த் திரும்பும்போது, புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.