எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால்

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் நாம், தாத்தா பாட்டியின் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மாலை சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறோம். அங்கே ஓரமாக, முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு சிலுவைகள் சில நிற்பதைப் பார்த்திருப்போம். பலவற்றில் பெயரில்லை. இருந்தாலும் மழையில் அழிந்திருக்கும். அவற்றின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. அத்தாய்மாருக்கு நாம் என்ன ஆறுதல் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். ஏனென்றால் நம் ஆறுதல் மொழிகளில் சில, நம் விசுவாசத்திற்கும் பொருந்தாதவை, அத்தாயின் நெஞ்சையும் ஆற்றாதவை.

“கடவுள் தமக்குப் பிடித்த மலரைப் பறித்துக்கொண்டார்” என்கிறோம். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் இதைக் கேட்கும் தாய்க்கு, இறைவன் தன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டவராக அல்லவா தோன்றுவார்? நற்செய்தி ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். இயேசு எந்தத் தாயிடமிருந்தும் பிள்ளையை வாங்கிக்கொண்டதாக ஓரிடத்திலும் இல்லை. நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனை எழுப்பி, அவனைத் தாயிடமே ஒப்படைத்தார். சாவு கடவுளின் படைப்பு அன்று எனச் சாலமோனின் ஞானம் முதல் அதிகாரத்திலேயே கூறுகிறது.

“அழாதே, அடுத்த வருஷம் இன்னொன்று பிறக்கும்” என்பார் வேறு சிலர். இதைவிடக் கொடிய ஆறுதல் இல்லை. உடைந்த பாத்திரத்திற்கு வேறு பாத்திரம் வாங்கலாம், மகனுக்குப் பதில் மகன் உண்டோ?

“சம்மனசு ஆகிவிட்டான்” என்பது மூன்றாவது. அன்பினால் அப்படி அழைப்பதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் சம்மனசுகள் உடலற்ற அரூபிகள், தனிப் படைப்பு என்பதே திருச்சபையின் போதனை. மனிதப் பிள்ளை இறந்தாலும் மனிதப் பிள்ளையே. விசுவாசப் பிரமாணத்தில் நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடுவது, இறந்தோர் சிறகு முளைத்துப் பறப்பதையா? உடலின் உயிர்ப்பை அல்லவா? அந்தக் குழந்தை, அதே குழந்தை, அதன் பெயரோடும் முகத்தோடும் உயிர்த்தெழும் என்பதே நம் நம்பிக்கை. உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. தோமையார் அவற்றைக் கண்டுதான் தம் ஆண்டவரை அறிந்துகொண்டார். அடையாளம் அழிவதில்லை.

தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளுக்கு வயது 12 என்று மாற்கு குறித்திருக்கிறார். நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருக்க வேண்டியவள்! இயேசு அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அடுத்து அவர் சொன்னது என்ன தெரியுமா? அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான். நோயில் படுத்தெழுந்த பிள்ளையைப் பார்த்து நம் அம்மா முதலில் கேட்பதும் அதுவே. அச்சிறுமி இவ்வுலக வாழ்வுக்கே திரும்பி வந்தாள், பின்னர் ஒருநாள் இறந்துமிருப்பாள். இறுதி நாளின் உயிர்ப்போ இனிச் சாவே இல்லாதது. என்றாலும் நாம் எதிர்பார்ப்பது வெறும் நிழலையோ ஆவியையோ அன்று என்பதற்கு, பசித்து எழுந்த அந்தச் சிறுமி ஓர் அடையாளம்.

“அப்படியானால் என் தம்பி பாப்பாவாகவே எழுந்திருப்பானா, வளர்ந்தவனாகவா?” என்று மறைக்கல்வி வகுப்பில் சின்னஞ்சிறியவர்கள் கேட்பதுண்டு. சிரிக்க வேண்டாம். புனித அகுஸ்தீனாரே இக்கேள்வியை எடுத்து, ‘இறைவனின் நகரம்’ என்னும் நூலின் கடைசிப் பகுதியில் விடை தேடினார். சிசுவாய் இறந்தவர்கள், தங்களுக்குள் வித்தாக அடங்கியிருந்த முழு வளர்ச்சியையும் பெற்றே எழுவார்கள் என்பது அவர் கருத்து. வாழாமற் போன ஆண்டுகளும் வீணாவதில்லை என்பது இதன் உட்பொருள். அகுஸ்தீனாரும் பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைதான். 387ஆம் ஆண்டு பாஸ்கா விழாவில் தம்மோடு ஞானஸ்நானம் பெற்ற மகன் அதேயோதாத்துஸ் இளம் வயதிலேயே இறந்துபோனான்.

ஆனால் அதே அகுஸ்தீனார்தாம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுக்கள் மிக மென்மையான தண்டனையையாவது அடைவார்கள் என்றும் எழுதினார். பிற்கால அறிஞர்கள் அதைத் தணித்து, துன்பமும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத ‘லிம்போ’ என்னும் நிலையைப் பற்றிப் பேசினர். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. எனினும் அதன் நிழலில் எத்தனையோ தாய்மார் வாழ்நாள் முழுவதும் வெந்தார்கள். மந்திரிக்கப்பட்ட நிலத்தில் அச்சிசுக்களுக்கு இடமும் கிடைக்கவில்லை. 1969இல் வெளிவந்த புதிய அடக்கச் சடங்குமுறை, ஞானஸ்நானத்திற்கு முன்பே இறந்த குழந்தைக்கான மன்றாட்டுகளைச் சேர்த்தது. 1992இன் மறைக்கல்வி நூல் இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைத்து, அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டென நம்ப இடமளித்தது. 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவர்களின் ஒப்புதலுடன் வெளியான இறையியல் ஆணைக்குழுவின் ஏடும், நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்று கூறுகிறது. நிச்சயமாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை, நம்பலாம் என்றே சொல்கிறது. இச்செய்தி நம் வீட்டுப் பாட்டிமார் பலருக்கு இன்னும் எட்டவில்லை. மாணவிகளே, நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

சிறுமலர் என்று நாம் போற்றும் குழந்தை இயேசுவின் தெரேசாவை அறியாத மாணவி இங்கே இல்லை. அவருடைய தாய் செலி மார்ட்டினை எத்தனை பேர் அறிவோம்? பிரான்சு நாட்டு அலென்சோன் நகரில் லேஸ் பின்னும் தொழில் நடத்திய உழைப்பாளி அவர். ஒன்பது பிள்ளைகள் பெற்றார். நால்வரை மண்ணுக்குக் கொடுத்தார். 1867இல் ஒரு மகன், 1868இல் இன்னொரு மகன், 1870 பிப்ரவரியில் ஐந்து வயது எலேன், அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு மாதம்கூட நிறையாத மெலானி தெரேசா. பால் கொடுக்க அமர்த்திய பெண் சரியாகப் பாலூட்டாததால் கடைசிக் குழந்தை மெலிந்து மடிந்தது. எலேன் எப்போதோ சொன்ன சிறு பொய்க்காக உத்தரிக்கிற ஸ்தலத்தில் வாடுகிறாளோ என்றுகூட அந்தத் தாய் கலங்கினார். ஐந்து வயதுக் குழந்தை! துக்கம் மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோகிறது, பாருங்கள்.

“இதற்கு அந்தப் பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருக்கலாம்” என்று செலியிடமும் சிலர் சொன்னார்கள். 1871 அக்டோபரில் தம்பியின் மனைவி தன் குழந்தையை இழந்தபோது எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, அந்தப் பேச்சைத் தம்மால் பொறுக்க முடியவில்லை என்கிறார். பிள்ளைகளின் கண்களை மூடியபோது வலித்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்காகப் பட்ட பாடு வீண் அன்று, அவர்கள் தொலைந்துபோகவில்லை, விண்ணகத்தில் மீண்டும் காண்போம் என்று உறுதியாக எழுதினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் கணவர் லூயி மார்ட்டினையும் புனிதராக உயர்த்தினார்.

அந்நால்வரில் ஒருவரையும் தெரேசா கண்டதில்லை. அவர் பிறந்தது 1873இல். இருந்தும், மனக்குழப்பத்தில் தவித்த சிறு வயதில் அவர் யாரிடம் போய் நின்றார்? அந்த நால்வரிடமே. நான் உங்கள் கடைக்குட்டித் தங்கை, நீங்கள் இங்கே இருந்திருந்தால் எனக்குச் செல்லம் கொடுத்திருப்பீர்கள் அல்லவா, விண்ணகம் போனதற்காக என்னை மறந்துவிடலாமா என்று வாதாடினார். விரைவில் மனம் அமைதியடைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சம்மனசுகள் என்று அவர்களைச் செல்லமாக அழைத்தாலும், அவர் உரிமை கொண்டாடியது அண்ணன் அக்காவிடம் கொண்டாடும் உரிமைதான்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுகிறோம், பெயரைச் சொல்வதில்லை, சின்னவர்கள் கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். தம்பியை அடக்கம் செய்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும் மாணவியிடம் “அழாதே” என்கிறோம். இலாசரைத் தாம் எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கல்லறையருகே கண்ணீர் விட்டார். அவளும் அழட்டும். அவன் பெயர் என்ன, என்ன விளையாடுவான் என்று நாம் கேட்போம். நம்மோடு படிக்கும் பிற சமயச் சகோதரிகளின் வீட்டுத் துயரத்திலும் இவ்வளவு செய்யலாமே.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்ற கேள்வி எழும்போது சில தாய்மார் ஒரு நொடி தயங்குவார்கள். இரண்டு என்பதா, மூன்று என்பதா? தாய்மார்களே, மூன்று என்றே சொல்லுங்கள். வரும் நவம்பரில் இறந்தோருக்கான பூசைக் கருத்துகளை நம் கோயிலில் எழுதும்போது, மூன்றாவது பெயரையும் எழுதிக் கொடுங்கள். பெயர் வைக்கப்படாமலே இறந்த சிசு என்றால், “என் மகள்” என்று எழுதினாலும் போதும்.