ஒலிவ மலையில் உறங்கும் டார்ம்ஸ்டாட் பெண்



சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பஸ் வண்டி நிறையப் பேராகப் புனித நாட்டுக்குத் திருயாத்திரை சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். கெத்சமனித் தோட்டத்துக்கு மேலே, ஒலிவ மலைச் சரிவில், பொன்னிறக் குவிமாடங்களோடு ஓர் ஆலயம் நிற்கிறது. மகதலா மரியாவின் பெயரால் ரஷ்யர் கட்டிய ஆலயம் அது. நம் வழிகாட்டி அதைச் சுட்டிக்காட்டி, "இங்கே ஒரு ஜேர்மன் இளவரசியின் உடல் வைக்கப்பட்டிருக்கிறது. டார்ம்ஸ்டாட் என்னும் ஊரிலே பிறந்தவர். அந்த ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நாங்கள் அந்த ஊரிலிருந்துதான் வருகிறோம் என்றோம். "அப்படியானால் அவரைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்" என்றார் அவர். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் பங்குத்தந்தையாகிய எனக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எலிசபெத் என்னும் அப்பெண் 1864-இல் பிறந்தவர். ரஷ்யச் சக்கரவர்த்தியின் தம்பியாகிய செர்கேயை மணந்தார். அவருடைய தங்கை அலிக்ஸ்தான் ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தினி. 1905-இல் மொஸ்கோவில் செர்கே குண்டு வீசிக் கொல்லப்பட்டார். சிதறிக் கிடந்த கணவனின் உடலைத் தம் கைகளால் பொறுக்கி எடுத்த அப்பெண், சில நாட்களுக்குள் சிறைக்குச் சென்று, கொன்றவனைக் கண்டு, தாம் அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பின்னர் நகைகளை விற்று, மொஸ்கோவில் ஏழைகளுக்கும் நோயாளருக்கும் பணி செய்யும் துறவற இல்லம் ஒன்றை நிறுவினார். 1918-இல் புரட்சியாளர் அவரைக் கொன்றனர். உடல் சீனா வழியாக எருசலேம் சென்றடைந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், அதே ஆலயத்தின் நேர்ந்தளிப்புக்குக் கணவரோடு சென்றிருந்தபோது, இங்கே அடக்கம் செய்யப்பட விரும்புகிறேன் என்று அவர் சொல்லியிருந்தாராம்.

நம் வீடுகளிலிருந்து ட்ராம் வண்டியில் சில நிறுத்தங்கள் சென்றால் மத்தில்டன்ஹோஹெ குன்று. அங்கே இந்தச் சகோதரிகளின் நினைவைச் சுமந்து, 1890-களின் இறுதியில் கட்டப்பட்ட சிறிய ரஷ்ய ஆலயம் இருக்கிறது. அதன் அருகே, விரித்த கையின் ஐந்து விரல்களைப் போல முடியும் திருமணக் கோபுரம். அவர்களுடைய சகோதரராகிய எர்ன்ஸ்ட் லுட்விக்கின் திருமண நினைவாக 1908-இல் எழுந்தது. 2021 முதல் அக்குன்று முழுவதும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். நம் பிள்ளைகள் திருமண நாளில் படம் எடுப்பதற்கு அங்கே போகிறார்கள். நல்லதுதான். ஆனால் பின்புலத்தில் நிற்கும் கோபுரம் யாருடையது என்று மணமக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நாம் பயணம் செய்யாதவர்கள் அல்லர். கோடைக்கு லூர்து, ஆகஸ்ட்டில் கெவலார், பள்ளி விடுமுறையில் பரிசும் உரோமையும். நான்கு நாளில் ஐந்து நகரங்கள். இடியப்பப் பொதியும் கட்டைச் சம்பலும் பஸ் வண்டியின் பின் இருக்கையில். இதை நான் கேலி செய்யவில்லை. அந்தச் சம்பலை நானும் உண்டவன். ஆனால் இடத்தைக் காண்பது வேறு, இடத்தின் முன் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொள்வது வேறு. உரோமையின் பந்தேயோன் ஆலயத்துள் நம் இளைஞர் கூரையின் வட்டத் துளையை அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். அதே பந்தேயோனை முன்மாதிரியாகக் கொண்டு கியோர்க் மொல்லர் 1820-களில் எழுப்பிய புனித லுட்விக் ஆலயம் நம் நகரின் நடுவிலேயே இருக்கிறது என்று நான் சொன்னபோது, "அந்த வட்டக் கட்டடமா பாதர்?" என்றான் ஒருவன். ஊரார் அதைப் பாலாடைக்கட்டியை மூடும் கண்ணாடிக் கிண்ணம் என்று செல்லமாகப் பழிப்பதுண்டு. சீர்திருத்தக் காலத்துக்குப் பின் இந்நகரக் கத்தோலிக்கருக்குக் கிடைத்த முதல் ஆலயம் அது. தலைமுறை தலைமுறையாகத் தமக்கென ஓர் ஆலயம் இல்லாதிருந்த சிறுபான்மையினர் கட்டியெழுப்பியது. வாடகை மண்டபங்களில் திருப்பலி கண்டு வளர்ந்த நமக்கு அந்தச் செய்தி ஏன் எட்டவில்லை?

தனிநாயகம் அடிகளார் நம் கரம்பொன் மண்ணில் பிறந்த குரு. உலகம் சுற்றியவர். அவருடைய பயணக் கட்டுரைகளுக்கு "ஒன்றே உலகம்" என்று பெயர். சென்ற நாடுகளிலெல்லாம் தமிழின் தடயத்தைத் தேடினார். அதே வேளை அந்நாட்டு மக்களின் மொழியையும் துயரையும் கற்றார். இரண்டையும் ஒருசேரச் செய்தமையே அவருடைய பெருமை. நாமோ முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தமிழ்க் கடை இருக்கிறதா என்று முதலில் தேடுகிறோம்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1944 செப்டம்பர் 11. நள்ளிரவுக்குச் சற்று முன், இருநூறுக்கும் மேற்பட்ட பிரித்தானிய விமானங்கள் இந்நகர்மீது குண்டுகளைப் பொழிந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தீப்புயல் எழுந்தது. ஏறத்தாழ 11,500 பேர் மாண்டனர். பழைய நகர் பெரும்பாலும் சாம்பலாயிற்று. புனித லுட்விக் ஆலயத்தின் குவிமாடமும் இடிந்து விழுந்தது. இன்று நாம் காண்பது மீண்டும் கட்டப்பட்டது. நகர ஆலயங்களுள் ஒன்றை மட்டும் இடிந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள். கப்பல்பிளாட்ஸ் சதுக்கத்தில் கூரையின்றி நிற்கும் அச்சுவர்களைக் கடந்துதான் நம்மில் பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்கிறோம். நவாலி ஆலயத்தில் 1995-இல் தஞ்சம் புகுந்தோர்மீது குண்டு விழுந்ததை நினைத்து அழும் நமக்கு, அந்தச் சுவர்களின் மொழி யாரும் பெயர்த்துச் சொல்லாமலே விளங்க வேண்டும்.

ஆனால் இந்நகர் தன் சாம்பலை மட்டும் நினைவில் வைத்திருக்கவில்லை. 2003-இல் நகர மருத்துவமனை வளாகத்தில் புதுக் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது, 1938 நவம்பரில் எரிக்கப்பட்ட யூதத் தொழுகைக் கூடத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. மண்ணை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். மூடவில்லை, அதை நினைவிடமாக்கி 2009-இல் திறந்தார்கள். நம் பிள்ளைகள் சிலர் பிறந்த, நம் தாய்மார் சிலர் பணிபுரியும் அதே வளாகம்! சரக்கு ரயில் நிலையத்தருகே, இங்கிருந்து மரண முகாம்களுக்கு ஏற்றப்பட்டவர்களின் நினைவாகக் கண்ணாடிச் சின்னம் ஒன்றும் இருக்கிறது.

எபர்ஸ்டாட் பகுதியில் மரியாவின் சகோதரிகள் என்னும் இவாஞ்சலிக்கச் சபைத் துறவற இல்லம் உண்டு. தீயிரவைக் கடந்து வந்த இளம்பெண்களைக் கொண்டு 1947-இல் தொடங்கப்பட்டது. இடிபாடுகளிலிருந்து கற்களைத் தாமே சுமந்து சென்று தங்கள் சிற்றாலயத்தைக் கட்டினார்கள். அப்பெண்கள் வீட்டை இழந்தவர்கள், உற்றாரை இழந்தவர்கள். "எங்களுக்கு இழைக்கப்பட்டதைப் பாருங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர்களோ தம் மக்கள் யூதருக்கு இழைத்த பாவத்துக்காக மனம் வருந்துவதைத் தம் அழைத்தலாக ஏற்றார்கள். எருசலேமுக்கே சென்று, உயிர் தப்பியோருக்காக ஓர் இல்லம் நடத்தினார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1990 ஒக்டோபர் நினைவுக்கு வருகிறது. நான் அப்போது குருத்துவ அருள்பொழிவு பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இளம் குரு. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை, ஆயுதம் ஏந்திய நம்மவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் குறையாத மக்கள் துரத்தப்பட்டார்கள். எங்கள் வீதியில் தையற்கடை வைத்திருந்த குடும்பம் ஒரு பையோடு நடந்து போனதை நான் கண்டேன். அடுத்த ஞாயிறு மறையுரையில் நான் நற்செய்திக்கு விளக்கம் சொன்னேன். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அச்சம் ஒரு காரணம். அது ஒன்றே காரணம் என்று என்னால் இன்று சொல்ல முடியாது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். ஐரோப்பிய யூதருக்கு நேர்ந்ததற்கு ஒப்பு வேறில்லை. நம் மக்களுக்கு இழைக்கப்பட்டதும் சிறியதன்று. அதற்கு நீதி கேட்பதை நான் ஒருநாளும் நிறுத்தச் சொல்லமாட்டேன். "பாதர், எங்கள் காயமே ஆறவில்லை, இப்போது எங்கள் குற்றத்தையும் பேச வேண்டுமா?" என்று சென்ற ஆண்டு ஒரு தாய் கேட்டார். அவர் தம் மகனை இழந்தவர். அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை; அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவரிடம் முதலில் கேட்கப்பட வேண்டியதன்று அது. என்னிடமும், அன்று பேசக்கூடிய இடத்தில் இருந்தும் பேசாதிருந்தவர்களிடமும் கேட்கப்பட வேண்டியது. இங்கே பிறந்து, பள்ளியில் ஜேர்மன் வரலாற்றைப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் நம் வரலாறு வேறு விதமாகச் சொல்லப்படுவதையும் அவர்கள் கவனிக்கிறார்கள்.

எனவே, வரும் கோடைப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் முன், நம் ஊருக்குள்ளே ஒரு சிறு பயணம் செய்வோம் என்று கேட்கிறேன். செப்டம்பர் 11 மாலை ஐந்து மணிக்கு மத்தில்டன்ஹோஹெ ரஷ்ய ஆலயத்தின் முன் நிற்பேன். அங்கிருந்து மருத்துவமனை வளாக நினைவிடம், பிறகு கப்பல்பிளாட்ஸ். இயன்றவர்கள் நள்ளிரவுவரை தங்கலாம். அந்நேரத்தை ஒட்டி நகர ஆலயங்களின் மணிகள் ஒலிக்கும். பெயர்ப்பட்டியல் இல்லை, கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். வழிகாட்டிகளாகப் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் இப்போதே படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரவில் குளிரும், மேலங்கியை மறவாதீர்கள். யாராவது இடியப்பப் பொதி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அன்புடனும் செபத்துடனும்,
உங்கள் பங்குத்தந்தை