போர்வைக்கு முன்னே ஒரு வார்த்தை



2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதல் நாள்கள் சென்னைவாழ் மக்கள் எவரும் மறக்கவொண்ணாதவை. டிசம்பர் 1ஆம் நாள் பெய்யத் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்திற்குள் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும், வழியிலுள்ள சிற்றேரிகளின் உபரிநீரும் ஒன்றுசேர அடையாறு கரைபுரண்டது. ஆற்றோரத்துக் குடிசைகள் இரவோடு இரவாக மூழ்கின.

அந்நாளில் அவ்வாற்றுக்கு அருகிலிருந்த ஒரு பங்கில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். நீர் வடிந்தபின் பள்ளி மண்டபத்தில் அரிசியும் ரொட்டியும் போர்வையும் வழங்கினோம். பங்கு மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள்; இளைஞர்கள் உறக்கமின்றி உழைத்தார்கள். நற்செயல் ஒன்றைக் குறைவறச் செய்துவிட்டோம் என்ற நிறைவு நம் உள்ளத்தில் இருந்தது. அவ்வேளையில் வரிசையில் வந்த மூதாட்டி ஒருவர் போர்வையைப் பெற்றுக்கொண்டு சற்று நின்றார். இரவிக்கை தைத்துப் பேத்தியை வளர்த்துவந்த கைம்பெண் அவர்.

"போர்வை நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா தண்ணி வரப்போவுதுன்னு அன்னிக்கு மத்தியானமே யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எந் தையல் மிஷினைத் தூக்கி மேல வச்சிருப்பேனே!" என்றார்.

குற்றஞ்சாட்டும் குரலன்று அது. ஆயினும் நம்மிடம் அதற்கு விடையில்லை. அன்று பிற்பகல் ஆற்றில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருப்பதை நாம் அறிந்தே இருந்தோம். பங்கில்லத்துப் பதிவேடுகளைப் பத்திரமாக மாடிக்கு ஏற்றியுங்கூட விட்டோம். கூப்பிடு தூரத்திலிருந்த குடிசைகளுக்கு ஆளனுப்ப வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டு மே 24ஆம் நாளிட்டு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார்கள். காலநிலை மாற்றத்தின் கடுந்துயர் ஏழைகள்மீதே முதலில் விழுகிறது என்று அதில் அவர்கள் எடுத்துரைத்திருந்ததை நாம் மறையுரையில் விளக்கியுமிருந்தோம். விளக்கியவருக்கே அது விளங்கவில்லை என்பதைத் தையல் இயந்திரம் ஒன்று உணர்த்திற்று.

இத்தகைய மழை எப்போதோ ஒருமுறை வருவதுதானே என்று சிலர் கேட்கலாம். அந்த ஆறுதல் இனி நமக்கில்லை. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் உலகின் வெப்பநிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பொய்க்கும்போதோ வறண்டு தீர்க்கிறது. வெள்ளத்தில் மிதந்த அதே சென்னைக்கு, 2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டிகள் கொண்ட இரயிலில் 25 இலட்சம் லிட்டர் குடிநீர் வந்து சேர்ந்ததை யாவரும் அறிவர். நான்கே ஆண்டுகளில் ஒரு நகரம் இரு துருவங்களையும் கண்டது. மாடி வீட்டார் இரண்டையும் பணத்தால் கடந்தனர். குடிசைவாசிகள் இரண்டையும் உடலால் கடந்தனர்.

வெள்ளமாவது ஓசையுடன் வருகிறது, செய்தித்தாளில் படமாகிறது. வெயிலோ ஓசையின்றிக் கொல்கிறது. தகரக் கூரையின் கீழ் வாழ்வோரைக் கேட்டுப் பாருங்கள். பகலெல்லாம் கூரை உறிஞ்சிய வெப்பம் வீட்டிற்குள் இறங்குகிறது. நெருக்கமான சுவர்களும் தார்ச்சாலைகளும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் உமிழ்கின்றன. சென்னை போன்ற கடலோர நகரத்தில் ஈரக்காற்றினால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் தணிவதில்லை. இரவும் ஓய்வு தராதபோது முதியோரும் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் முதலில் தளர்கிறார்கள்.

இதற்கு என்ன செய்வது என்று மலைப்பவர்களுக்குக் குசராத்து மாநிலத்து அகமதாபாத் நகரின் வரலாறு தெம்பளிக்கும். 2010ஆம் ஆண்டு மே மாதம் அங்கு வெப்பநிலை 46.8 டிகிரியை எட்டிற்று. அம்மாதத்தில் வழக்கத்திற்கு மேலாக 1,344 உயிர்கள் மடிந்தன என்று பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டனர். அப்பேரிழப்பினால் விழிப்புற்ற அந்நகர மாநகராட்சி, மருத்துவ அறிஞர்களின் துணையோடு 2013ஆம் ஆண்டில் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவிலேயே அத்தகைய முதல் திட்டம் அதுவே.

அத்திட்டத்தில் மாயமேதும் இல்லை. கடும் வெயில் வருமுன்னரே மக்களுக்கு எச்சரிக்கை, வெப்ப நோயை இனங்காண மருத்துவப் பணியாளர்க்குப் பயிற்சி, குடிநீருக்கும் நிழலுக்கும் ஏற்பாடு, இவ்வளவுதான். பின்னர் ஏழை வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் சேர்ந்துகொண்டது. வெண்மை ஒளியைத் திருப்பியனுப்புவதால் உள்ளே சூடு சில டிகிரி தணிகிறது. அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் மகப்பேற்றுப் பிரிவு மேல்மாடியில், கூரைக்கு நேர்கீழே இருந்தது. அதனைக் கீழ்த்தளத்திற்கு மாற்றியபின், வெப்பத்தால் வாடிச் சிகிச்சைக்கு வந்த பச்சிளங் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. இடம் மாற்றியதற்கு என்ன பெருஞ்செலவு ஆகியிருக்கும்? முன்கூட்டி எண்ணிப் பார்த்ததே அங்கு மருந்தாயிற்று. இப்போது நம் தமிழக அரசும் 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்திற்கு நிவாரணம் அளிக்க வகைசெய்துள்ளது. நன்று. ஆயினும் நிவாரணம் இறந்தபின் வருவது; எச்சரிக்கை உயிரோடிருக்கும்போது வருவது.

முன்கூட்டிச் சொல்வது ஒன்று. முன்கூட்டிக் கேட்பது மற்றொன்று. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, நகரின் தெற்கே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. ஆற்று வெள்ளம் அண்டாத கல் வீடு கிடைத்தது உண்மை. ஆனால் பழைய தெருவைச் சுற்றி வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள் பிழைப்பை விட்டு வெகுதூரம் போயினர். பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவே பள்ளி மாற நேர்ந்தது. அதுமட்டுமன்று, பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையடுத்த தாழ்நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அவ்வட்டாரமும் நீரில் தவித்தது. ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்தே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் எங்கே பிழைப்பு, எங்கே பள்ளி, எங்கே உறவு என்று அவர்களையே கேட்டறிந்து இடங்கொடுப்பதற்கும், கேளாது பெயர்ப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

கேளாத பிழையை நாமும் செய்தோம். மூதாட்டியின் சொல் உறுத்திக்கொண்டிருந்தமையால், பின்னர் மாற்றலாகிச் சென்ற பங்கில் தாழ்நிலத் தெருக்களுக்கென ஒரு பட்டியல் தயாரித்தோம். தனித்திருக்கும் முதியோர் யார், நடக்கவியலாதார் யார், மழை வலுத்தால் எந்த வீட்டுக் கதவை எந்த இளைஞர் தட்டுவது என்றெல்லாம் அதில் குறித்திருந்தோம். மிக்ஜாம் புயலுக்கு முந்தின மாலை அவர்கள் கதவுகளைத் தட்டினார்கள். பெரியோர் பள்ளியின் மாடிக்கு வந்து சேர்ந்தனர். குடும்ப அட்டைகளும் பாடநூல்களும் நனையாமல் தப்பின. நாம் மகிழ்ந்திருந்தோம்.

மறுநாள் நீர் சூழ்ந்த அதே தெருவில் முதியவர் ஒருவர் இரவு முழுவதும் மேசைமீது அமர்ந்திருந்ததை அண்டை வீட்டார் கண்டு தூக்கிவந்தனர். இறையருளால் உயிருக்கு ஊறு நேரவில்லை. அவர் பெயர் ஏன் பட்டியலில் இல்லை? பங்கின் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தே நாம் பட்டியல் எழுதியிருந்தோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். தண்ணீர் எவருடைய பதிவேட்டையும் புரட்டிப் பார்த்து வருவதில்லை என்பதை அறுபதை நெருங்கும் வயதில் நாம் கற்றோம். அன்றுதொட்டு அப்பட்டியல் தெருவின் பட்டியலாக மாறிற்று. அத்தெருவில் எல்லாரையும் அறிந்த பெண்களே இப்போது அதனைத் திருத்தி எழுதுகிறார்கள், நாமன்று.

அன்புடையீர், இக்கோடைக்கும் அடுத்த மழைக்கும் இடையே நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சிலவே. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் சகோதரியின் வீட்டுக் கூரை எதனாலானது என்று கேளுங்கள். தகரமாயின், பங்குனி முடியுமுன் வெள்ளை வண்ணம் பூச உதவுங்கள். கடும் வெயில் நாளில் அவர் நண்பகலில் நடந்து வராதபடி வேலை நேரத்தை மாற்றிக்கொடுங்கள். கூலியைக் குறைக்க வேண்டா. வானொலியிலோ கைப்பேசியிலோ எச்சரிக்கை கேட்டால், அது எட்டாத ஒருவருக்கு அன்றே சொல்லுங்கள். பள்ளி மண்டபத்தின் சாவி எவரிடம் உள்ளதென்பதை இருவராவது அறிந்திருக்கட்டும். நள்ளிரவில் பூட்டின்முன் மக்கள் நனைந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

போர்வைகள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவற்றையும் கொடுப்போம். ஆனால் போர்வை தேவைப்படுமுன் சொல்லத்தக்க ஒரு வார்த்தை நம்மிடம் இருக்குமாயின், அதனை நாவிலேயே வைத்திருப்பது அறமன்று. அம்மூதாட்டியின் இயந்திரம் துருவேறிப் போயிற்று. மீண்டும் அது ஓடவேயில்லை. அதன் விலை சில ஆயிரம் ரூபாய். அதனைக் காத்திருக்கக்கூடிய வார்த்தைக்கோ விலையே இல்லை.