இ-சிகரெட் தடை இளைஞர்களையும் சுற்றுச்சூழலையும் காக்குமா? அந்தமான் தீவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

டெலானிபூர் (ஸ்ரீ விஜய புரம்): ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் இ-சிகரெட்டுகளின் விற்பனைக்கு பிரிட்டன் 2025 ஜூன் 1-ஆம் தேதி முதல் தடை விதித்தது. அதே மாதம் 17-ஆம் தேதி நியூசிலாந்திலும் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. பெல்ஜியம் 2025 ஜனவரியிலேயே விற்பனையை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியா 2024 ஜனவரியில் இறக்குமதிக்குக் கதவடைத்தது.

இளைஞர்களின் உடல்நலம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய இரண்டுமே இத்தடைகளுக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இந்தியா இவற்றுக்கெல்லாம் முன்பே, 2019-ஆம் ஆண்டில், அனைத்து வகை இ-சிகரெட்டுகளையும் தடை செய்துவிட்டது. எனினும், தடை ஒன்றே போதுமா என்ற கேள்வி இந்தியாவுக்கும் பொருந்தும். கடலால் சூழப்பட்டு, ஒரு சில வாயில்கள் வழியாக மட்டுமே பொருள்கள் வந்து சேரும் அந்தமான் நிகோபார் தீவுகளில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

சட்டம் சொல்வது என்ன?

இ-சிகரெட்டுகளை முழுமையாகத் தடை செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2019 மே மாதம் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுடன் அது முழுச் சட்டமானது. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 2018-இல், தனியாகத் தடை விதித்திருந்தது.

உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் என அனைத்தையும் இச்சட்டம் தடுக்கிறது. விற்பனை உள்ளிட்ட குற்றங்களை முதல்முறை செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் குற்றம் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைப்போருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒருமுறை பயன்படுத்தும் வகைக்கும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வகைக்கும் இந்தியச் சட்டம் வேறுபாடு காட்டவில்லை. பிரிட்டன் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

ஒரு வகையை மட்டும் தடுத்தால்...

பகுதித் தடை எங்கே தடுமாறும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் சான்று. பழச் சுவை, இனிப்புச் சுவை கொண்ட மாற்றுக் குப்பிகளுக்கு அந்நாடு 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு விதித்தது. ஒருமுறை பயன்படுத்தும் கருவிகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்படவில்லை. இ-சிகரெட் பயன்படுத்தும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 2019-இல் 2.4 சதவீதத்தினரே இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தினர். 2020-இல் அது 26.5 சதவீதமாக உயர்ந்ததாக அந்நாட்டு அரசின் மாணவர் ஆய்வு தெரிவித்தது. ஒரு கதவை அடைத்தவுடன் திறந்திருந்த மற்றொரு கதவை நோக்கி மாணவர்கள் நகர்ந்தனர்.

பிரிட்டனின் புதிய விதியும் இத்தகைய சோதனையை எதிர்கொள்கிறது. கருவியை மின்னேற்றம் செய்யவும் திரவத்தை மீண்டும் நிரப்பவும் வசதி இருந்தால் அதை அங்கு விற்கலாம். ஆகவே, தடை செய்யப்பட்டவற்றைப் போன்ற தோற்றமும் நிறமும் சுவையும் கொண்ட கருவிகள், மின்னேற்றத் துளையுடன் சந்தையில் தொடர்கின்றன. மலிவு விலையில் வாங்குபவர் அதை மீண்டும் நிரப்பாமல் எறிந்துவிட்டால் சூழலுக்குக் கிடைக்கும் பயன் குறைந்துவிடும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், எல்லா வகைகளையும் ஒருங்கே தடுத்த இந்தியாவின் அணுகுமுறை வலுவானது. நிகோடின் பழக்கத்துக்கு எளிதில் ஆட்படுத்தும் பொருள். ஏறத்தாழ 25 வயது வரை வளர்ச்சி பெறும் மூளையின் கவனத்தையும் கற்றலையும் அது பாதிக்கக்கூடும் என்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. 2019-ஆம் ஆண்டு உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 2.8 சதவீதத்தினர் ஒருமுறையேனும் இ-சிகரெட்டைப் பயன்படுத்தியிருந்தனர். பழக்கம் வேரூன்றும் முன்பே சட்டம் வந்தது என்பதை இந்த எண் உணர்த்துகிறது.

முழுத் தடையின் எல்லை

அதேவேளை, சட்டம் இயற்றுவதுடன் பணி முடிந்துவிடுவதில்லை. இணையவழி விற்பனையும் கல்வி நிலையங்களின் அருகே விற்பனையும் தொடர்வதைச் சுட்டிக்காட்டி, சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்துமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2023 மே மாதம் பொது அறிவிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பொதுமக்கள் புகார் அளிப்பதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. தடை நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின் இத்தகைய நடவடிக்கை தேவைப்பட்டது கவனிக்கத்தக்கது.

சிங்கப்பூரின் அனுபவமும் இதையே கூறுகிறது. அங்கு 2018 பிப்ரவரி முதல் இ-சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். ஆயினும் கள்ளச் சந்தை ஒழியவில்லை. 'எட்டோமிடேட்' என்ற மயக்க மருந்து கலந்த கருவிகள் இளைஞர்களிடையே பரவியதால், அம்மருந்தை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து அந்நாட்டு அரசு தண்டனைகளை உயர்த்தியது. சட்டப்பூர்வ சந்தையில் பொருளின் உள்ளடக்கத்தைச் சோதிக்க முடியும். கள்ளச் சந்தையில் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை அதை வாங்கும் மாணவர் அறிய வழியில்லை.

இந்தியச் சட்டம், பயன்படுத்துவதை மட்டும் தனிக் குற்றமாகப் பட்டியலிடவில்லை. இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் பிடிபடும் மாணவரைக் குற்றவாளியாக்காமல் ஆலோசனைக்கு அனுப்பவும், விற்றவரைச் சட்டத்தின் முன் நிறுத்தவும் இது இடமளிக்கிறது. பழக்கத்தைக் கைவிட விரும்புவோருக்காக 1800-112-356 என்ற தேசிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் செயல்படுகிறது.

குப்பைக்குப் பொறுப்பேற்பவர் யார்?

ஒருமுறை பயன்படுத்தும் கருவியில் பிளாஸ்டிக் உறை, உலோகச் சுருள், நிகோடின் திரவத்தின் மிச்சம், லித்தியம் பேட்டரி ஆகியவை ஒன்றாக அடைபட்டுள்ளன. பிரிட்டனில் வாரத்துக்கு 13 லட்சம் கருவிகள் எறியப்படுவதாகவும், அவற்றில் ஆண்டுக்கு 10 டன் லித்தியம் வீணாவதாகவும் 'மெட்டீரியல் ஃபோகஸ்' அமைப்பு 2022-இல் மதிப்பிட்டது. ஏறத்தாழ 1,200 மின்சார வாகன பேட்டரிகளுக்கு அது போதும். அடுத்த ஆண்டே, எறியப்படும் எண்ணிக்கை வாரத்துக்கு 50 லட்சமாக உயர்ந்ததாக அந்த அமைப்பு கூறியது. நசுங்கிய பேட்டரிகள் குப்பை வண்டிகளிலும் கிடங்குகளிலும் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் ஒரே கொள்கையை அடிப்படையாகக் கொண்டவை. பொருளை உற்பத்தி செய்பவரோ இறக்குமதி செய்பவரோதான் அதன் கழிவுக்கும் பொறுப்பு. தடை செய்யப்பட்ட பொருளுக்கோ, பதிவு பெற்ற உற்பத்தியாளர் என ஒருவர் இல்லை. கடத்தி வரப்பட்ட கருவி குப்பையில் விழுந்தால், அதைத் திரும்பப் பெறும் கடமை சட்டப்படி எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அந்தச் சுமை உள்ளாட்சி அமைப்பின் மீதும் தூய்மைப் பணியாளர் மீதும் விழுகிறது.

தீவுகளில் இச்சுமை கூடுதலானது. மின்னணுக் கழிவு மறுசுழற்சி ஆலைகள் பெரும்பாலும் பெருநிலப்பகுதியிலேயே உள்ளன. சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தொலைவில் உள்ளது. டெலானிபூர் தெருவில் எறியப்படும் ஒரு கருவி முறையாகப் பிரிக்கப்படாவிட்டால், மழைநீரோடு வடிகாலுக்கும் அங்கிருந்து கடலுக்கும் செல்லக்கூடும்.

தீவுகளுக்குரிய வாய்ப்பு

ஆனால் இதே புவியியல் ஒரு வாய்ப்பையும் தருகிறது. பெருநில மாநிலங்களின் எல்லைச் சாலைகளைப் போல இங்கு எண்ணற்ற வழிகள் இல்லை. பொருள்கள் பெரும்பாலும் துறைமுகங்கள் வழியாகவோ வீர் சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையம் வழியாகவோதான் வர வேண்டும். அஞ்சல், கூரியர் பொட்டலங்களும் இதே வழிகளில்தான் வருகின்றன. இங்கு சோதனையைச் சீராக்கினால், நாட்டின் வேறெந்தப் பகுதியையும் விட இத்தடையைச் சிறப்பாக நடைமுறைப்படுத்த இயலும். சுற்றுலாப் பயணிகளுக்குப் பயணத்துக்கு முன்பே சட்டத்தை அறிவிப்பதும், பறிமுதல் செய்யப்படும் கருவிகளை எரிக்காமல் பேட்டரிகளைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவதும் அதன் பகுதிகளாக வேண்டும்.

மற்றோர் உண்மையும் மறக்கப்படலாகாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இத்தீவுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பெண்களில் இது ஏறத்தாழ 31 சதவீதம். பீடியும் சிகரெட்டும் சட்டப்படி விற்பனையாகின்றன. 18 வயதுக்குக் குறைந்தோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத் தொலைவுக்குள்ளும் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இ-சிகரெட் தடைக்குக் காட்டப்படும் அக்கறை இவ்விதிக்கும் காட்டப்பட்டால்தான், புதிய கருவியிலிருந்து காப்பாற்றப்பட்ட மாணவர் பழைய புகையிலையிடம் சென்று சேராமல் இருப்பார்.

ஆக, தடை தேவையானது. அரைகுறைத் தடையை விட முழுத் தடை தெளிவானது. ஆனால் அதன் பயன் துறைமுகத்தில் நடக்கும் சோதனையிலும், பள்ளியில் கிடைக்கும் ஆலோசனையிலும், குப்பைத் தொட்டியில் பிரிக்கப்படும் பேட்டரியிலும்தான் அளவிடப்படும். இம்மூன்றுக்கும் பொறுப்பான துறைகள் வெவ்வேறானவை. அவற்றை ஒருங்கிணைப்பதே ஒன்றியப் பிரதேச நிர்வாகத்தின் முன் உள்ள பணியாகும்.